நடுத்தூணில் எழுந்த புற்று

பிரிக்பீல்ட்ஸ்
கோலாலம்பூர்
8-7-1935

அன்புள்ள அண்ணைக்கு,

புனிதவதி எழுதுகிறேன். கையெழுத்தைக் கண்டதுமே கிழித்துப் போட மனம் வரும். அதற்கு முன் அடுத்த பத்தியையும் வாசித்துவிடுங்கள். நான் மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. ஒரு பூச்சியைப் பற்றிக் கேட்டு எழுதுகிறேன். பூச்சி என்றால் நீங்கள் வாசிக்காமல் இருக்க மாட்டீர்கள்.

நாங்கள் இருப்பது ரெயில்வே லைனுக்குப் பின்னால் ஒரு பலகை வீடு. தரையிலிருந்து ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டியது. கூடத்தின் நடுவில் ஒரு தூண். கீழே மண்ணில் ஊன்றி, தரைப் பலகையைத் தாண்டி, கூரை வரை போகிறது. தரையும் கூரையும் அதைத்தான் நம்பி நிற்கின்றன. இரண்டு மாதத்துக்கு முன் அந்தத் தூணைச் சுற்றிப் பலகை இடுக்கிலிருந்து மண் கிளம்பியது. இப்போது முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது.

என் மாமியார் வள்ளியம்மா அதைக் கண்ட அன்றே மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துவிட்டார். யாழ்ப்பாணத்து நம் ஆட்களைப் போல இல்லை இவர்கள். புற்று என்றால் இவர்களுக்கு மாரியாத்தாள்தான். வரிசை வீட்டுப் பெண்கள் எல்லோரும் பாலும் முட்டையும் கொண்டு வருகிறார்கள். இவரிடம் சொன்னேன். என் கணவர் பெயர் ரெங்கசாமி, மறந்திருக்க மாட்டீர்கள். எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற வேலை, வாரத்தில் பாதி நாள் வீட்டில் இல்லை. "ஆத்தா நம்ம வீடு தேடி வந்து உக்காந்திருக்கா, நீ ஏன் பயப்படுறே" என்று சிரிக்கிறார்.

நான் பயப்படுகிறேன். தூணைத் தட்டினால் சத்தம் முன்பு போல இல்லை. அதே இடுக்கிலிருந்து கரப்பான்களும் ஓடி வருகின்றன. வீட்டைத் தின்கிற கறையானா, வெறும் மண் கட்டுகிற கறையானா என்று எனக்குத் தெரிய வேண்டும். இது எனக்கு எட்டாவது மாதம். அதையும் உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
புனிதவதி


கிள்ளான்
11-7-1935

புனிதவதிக்கு,

கடிதம் கிடைத்தது. உன் கலியாணத்தின்போது நான் சொன்னதில் ஒரு மாற்றமும் இல்லை. ரெயில்வே கூலி லைனில் நீ தேடிக்கொண்ட வீட்டின் படியில் நான் ஏற மாட்டேன். அதை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பூச்சிக்கு வருகிறேன்.

"மண் கட்டுகிறது, தூண் சத்தம் போடுகிறது" என்றெல்லாம் எழுதினால் எவனாலும் இனம் சொல்ல முடியாது. இங்கே தோட்டத்து ஆய்வுக்கூடத்தில் ரப்பர் மரத்தைத் தின்கிற கறையான்களைத்தான் நான் நாள் முழுக்கப் பார்க்கிறேன். இந்த நாட்டில் எத்தனையோ இனம் உண்டு. வேலைக்காரப் பூச்சியைப் பார்த்து ஒன்றையும் பிரிக்க முடியாது, எல்லாம் ஒரே வெள்ளை. சிப்பாய்ப் பூச்சியின் தலைதான் அடையாளம். புற்றின் ஓரத்தை ஈர்க்குச்சியால் கொஞ்சம் உடைத்தால் சிப்பாய்கள் காவலுக்கு ஓடி வரும். அவற்றைப் பிடித்து ஒரு மருந்துக் குப்பியில் சாராயம் ஊற்றிப் போட்டு அனுப்பு. புற்றிலிருந்தே எடுக்க வேண்டும்.

இங்கிலீஷில் வெள்ளை எறும்பு என்பார்கள். அது சுத்தப் பிழை. எறும்புக்கு இடை உண்டு, கூட்டுப்புழுவாகித் தூங்கி எழுகிற பருவம் உண்டு. கறையானுக்கு இரண்டும் இல்லை. எறும்பு அதற்குப் பகை. கறையானுக்கு உறவு கரப்பான்தான். ஆகவே இரண்டும் ஒரே இடுக்கில் வருவதைக் கண்டு அதிசயிக்க வேண்டாம், அவை அங்கே சேர்ந்து இருப்பது ஈரத்துக்காகத்தான் என்றாலும்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

யோகநாதன்


பிரிக்பீல்ட்ஸ்
15-7-1935

அன்புள்ள அண்ணைக்கு,

குப்பியை இத்துடன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். சாராயம் வாங்கப் போனபோது கடைக்காரர் என் வயிற்றையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பூச்சிக்கு என்றேன், நம்பவில்லை.

கரப்பானும் கறையானும் சொந்தம் என்று எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "ஒண்ணு கன்னங்கரேலுனு பறக்குது, ஒண்ணு சோத்துப் பருக்கையாட்டம் ஊருது. அதெப்படி சொந்தமாவும்?" என்று கேட்டார். எங்கள் அண்ணை அப்படித்தான், கரப்பானுக்கும் கறையானுக்கும் சம்பந்தம் பேசி முடிப்பார், மனிதர் விஷயத்தில்தான் அவருக்கு இனம் பார்க்க வேண்டும் என்றேன். அத்தை என் வாயில் ஒரு தட்டுத் தட்டினார். "படிச்ச புள்ளைய அப்படிச் சொல்லாதே" என்றார். உங்களை அவர் பார்த்ததே இல்லை.

சீக்கிரம் எழுதுங்கள். நடுக்கூடத்தில்தான் படுக்கிறேன். படுத்தால் தூணைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

புனிதவதி


கிள்ளான்
19-7-1935

தங்கச்சி புனிதவதிக்கு,

குப்பி உடையாமல் வந்தது. நல்லபடி பிடித்திருக்கிறாய். சிப்பாய்கள் இரண்டு அளவில் இருக்கின்றன, ஒன்று பெரியது, ஒன்று சிறியது. இரண்டுக்கும் சிவந்த பெரிய தலை, கத்தரிக்கோல் தாடை. ஐயத்துக்கே இடமில்லை. இது மண்மேடு கட்டி அதற்குள் காளான் பயிரிடுகிற இனம். சருகும் உளுத்து உக்கிய மரமும்தான் இதன் சாப்பாடு. உயிருள்ள மரத்தையும் நல்ல கட்டையையும் நடுவே குடைகிற இனம் வேறு, அது உன் குப்பியில் ஒன்றுகூட இல்லை. ஆகவே பயப்படாதே. மழை முடிந்ததும் அடியில் மண்ணைக் கிளறி மருந்து போடலாம், அவசரமில்லை.

உன் மாமியாரின் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். பார்வைக்கு ஒன்றுபோல இருப்பது உறவுக்குச் சாட்சி ஆகாது. ஆஸ்திரேலியாவில் பழைய குலத்துக் கறையான் ஒன்று இருக்கிறது. அது முட்டைகளை இரண்டு வரிசையாகப் பசையால் ஒட்டிக் கட்டி இடுகிறது, கரப்பான் தன் முட்டைப் பையில் அடுக்குகிற அதே ஒழுங்கில். அதன் பின் சிறகைக் கரப்பானைப் போலவே மடக்கி வைக்கிறது. அமெரிக்காவில் சிறகில்லாத கரப்பான் ஒன்று உக்கிய மரத்துக்குள் குடும்பமாக வாழ்கிறது. மரத்தைச் செரிக்கச் செய்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதன் குடலில் இருக்கின்றன, அதே வகை உயிர்கள் கறையான் குடலிலும் இருக்கின்றன. தாய் தகப்பன் பக்கத்தில் இருந்தால்தான் குஞ்சுக்கு அவை கிடைக்கும். சேர்ந்து வாழ வேண்டிய கட்டாயம் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும் என்று எங்கள் ஆய்வுக்கூடத்து வெள்ளைக்காரத் துரை சொல்கிறார். பெரிய புத்தகங்கள் கறையானை இன்னும் தனி வரிசையில்தான் வைத்திருக்கின்றன. கறையான் கரப்பானின் தம்பியா பிள்ளையா என்பதில் இன்னும் சண்டை தீரவில்லை. துரையோடு சாயங்காலம் முழுக்க இதையே பேசிக்கொண்டிருந்தோம்.

நிறைய எழுதிவிட்டேன். நன்றாகச் சாப்பிடு.

அண்ணை


பிரிக்பீல்ட்ஸ்
27-7-1935

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். "அண்ணை" என்று கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். அதையும் பார்த்தேன்.

ஆடி மூன்றாம் வெள்ளி, ஆகஸ்ட் இரண்டாம் தேதி, புற்றுக்குப் பெரிய பூசை. முதலில் கோயில் வாசலில் வைப்பதாகப் பேசினார்கள். பயமில்லை என்று நீங்கள் எழுதியிருந்ததால், நானே அத்தையிடம் நம் கூடத்திலேயே வைக்கலாம் என்றேன். அத்தைக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இந்த வீட்டுக்கு வந்து இத்தனை நாளில் அன்றுதான் முதல் தடவையாக என்னை "எங்க வீட்டுப் பொண்ணு" என்று அடுத்த வீட்டு இராஜம்மா அக்காவிடம் சொன்னார். வரிசை வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் வருவார்கள். லைனுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வருவார்கள், ஏனென்றால் நேற்று ஓர் அதிசயம் நடந்தது.

அத்தை பூ வைக்கும்போது பூக்காம்பு பட்டு மண் கொஞ்சம் உதிர்ந்துவிட்டது. உள்ளேயிருந்து ஒரு பூச்சி வந்து காம்பைக் கடித்தது. கடித்ததும் அதன் தலையிலிருந்து ஒரு துளி வெள்ளையாக வடிந்தது, பால் மாதிரியே. "நாம ஊத்துன பாலை ஆத்தா நமக்கே திருப்பித் தர்றா" என்று அத்தை அழுதுவிட்டார். செய்தி பாசார்க் கடைத்தெரு வரை போய்விட்டது. எனக்கும் உடம்பு சிலிர்த்தது, சிரிக்காதீர்கள். இதற்கு உங்கள் சாஸ்திரத்தில் என்ன பெயர்?

புனிதவதி


கிள்ளான்
30-7-1935

புனிதம்,

இந்தக் கடிதத்தைக் கண்டதும் முதலில் கூடத்தை விட்டு வெளியே வந்து நில். நின்றுகொண்டு மீதியை வாசி.

பால் வடிக்கிற சிப்பாய் நீ அனுப்பிய இனம் இல்லை. உன் குப்பியில் இருந்தது சிவந்த பெருந்தலை, அதற்குப் பால் கிடையாது. நெற்றித் துளையில் பால் வடிப்பது மரத்தின் நடுவைக் குடைகிற இனம். வெளியே தோல் மாதிரி ஒரு பலகை அளவு விட்டுவைத்து உள்ளே அத்தனையையும் தின்றுவிடும். ஆள் கட்டிப்பிடிக்க முடியாத ரப்பர் மரம் பச்சை இலையோடு நின்று, ஒரு காற்றில் விழுந்ததை இந்த மாதமே நான் பார்த்தேன். தூண் சத்தம் மாறிவிட்டது என்று முதல் கடிதத்திலேயே நீ எழுதியிருந்தாய்.

அந்தப் பாலைப் பற்றி ஒரு வரி நான் எழுதியிருந்தால் நீயே கண்டுபிடித்திருப்பாய். அதை எழுதாமல் ஆஸ்திரேலியாக் கறையானின் முட்டையைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன்.

அந்தக் குப்பிக்குப் பூச்சியை எங்கிருந்து எடுத்தாய்? புற்றிலிருந்தா? உண்மையை எழுது. அந்தக் கூடத்தில் பூசை நடக்கக் கூடாது. ஒருவர் இருவர் நடந்தால் தாங்குகிற தரை அத்தனை பேர் ஏறினால் தாங்காது. நீ இருக்கிற நிலையில் கீழே விழவே கூடாது. இன்றைக்கே பதில் போடு.

யோகநாதன்


பிரிக்பீல்ட்ஸ்
31-7-1935

அன்புள்ள அண்ணைக்கு,

புற்றிலிருந்து எடுக்கவில்லை. வேலிக்கு அப்பால் கொய்யா மரத்தடியில் ஒரு மண்மேடு இருக்கிறது, அதிலிருந்து எடுத்தேன். கறையான் எல்லாம் ஒரே கறையான்தானே என்று நினைத்தேன்.

கோபப்படாமல் கேளுங்கள். குச்சியை எடுத்துக்கொண்டு புற்றின் முன் போய் உட்காரத்தான் செய்தேன். மஞ்சளும் குங்குமமும் வைத்து, அத்தை அன்று காலையில்தான் புதுப் பூ சாத்தியிருந்தார். அதை நான் உடைத்து, நாளைக்கு இந்தப் பிள்ளைக்கு ஒன்று ஆனால், "சிலோன்காரி புற்றை இடித்தாள்" என்று ஆயுளுக்கும் சொல்வார்கள். அவர்கள் சொல்லாவிட்டாலும் நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் நீங்கள் உடைத்திருப்பீர்கள். நீங்கள் இல்லை.

அத்தையிடம் இன்று சொன்னேன். தூண் உள்ளே கோறையாகி வெறும் கூடாகிவிட்டது, பூசையை வாசலில் வைப்போம் என்றேன். "நீதானே பயமில்லைன்னு ஒங்கண்ணன் எழுதுனாருன்னு சொன்னே? ஆத்தா பால் குடுத்த பொறவு அவளைக் கறையான்னு சொல்றியா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. இவர் வடக்கே பிறை ஸ்டேஷனுக்குப் போன வண்டியில் இருக்கிறார், சனிக்கிழமைதான் வருவார். வெளியே தென்னோலைத் தோரணம் கட்டுகிறார்கள். அந்தச் சத்தத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

நான் மட்டும் இறங்கிப் போகலாம். அத்தை உள்ளே இருக்க, நான் எங்கே போய் நிற்பது? கறையான் என்று சொன்னால் இவர்கள் காதில் ஏறாது அண்ணை. ஆத்தாள் என்று சொன்னால்தான் ஏறும். அப்படிச் சொல்ல எனக்கு வாய் போதாது, என் பேச்சை இனி யாரும் நம்ப மாட்டார்கள். ரொம்பப் பயமாக இருக்கிறது.

புனிதம்


பிரிக்பீல்ட்ஸ், இராஜம்மா வீடு
6-8-1935

அன்புள்ள அண்ணைக்கு,

நானும் வயிற்றுப் பிள்ளையும் சுகம். பெரிய ஆஸ்பத்திரி நர்ஸ் கையை வைத்துப் பார்த்து, உதைக்கிறது என்றாள். அத்தைக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். வயதான எலும்பு, கூடுமா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

வெள்ளிக்கிழமை நீங்கள் ஏன் சொல்லாமல் அப்படிப் போனீர்கள்? ரிக்‌ஷாவில் அத்தையை ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் நீங்கள் இல்லை. ஸ்டேஷன் பக்கம் வேகமாக நடந்து போனதாக இராஜம்மா அக்கா சொன்னார். சட்டையெல்லாம் மண்ணும் குங்குமமுமாக அந்த வண்டியில் எப்படி ஏறினீர்களோ தெரியவில்லை.

பூசைக்கு எல்லோரும் கூடியிருக்க நீங்கள் வாசலில் வந்து நின்றபோது நான் நம்பவில்லை. வெள்ளைக் கோட்டும் டையும் போட்ட ஆள் யாரோ ரெயில்வே அதிகாரி என்று பெண்கள் ஒதுங்கினார்கள். நீங்கள் தூணைப் பற்றிப் பேசப் போகிறீர்கள், இவர்கள் சிரிக்கப் போகிறார்கள் என்று பயந்தேன். "அம்மா, ஆத்தாள் இந்த வீட்டைத் தனக்கென்று எடுத்துக்கொண்டா. அவ தலைக்கு மேலே நிற்கிறது பாவம். எல்லாரும் இறங்கி மண்ணில் நின்று கும்பிடுங்கோ" என்றீர்கள். குரல் நடுங்கியது. அதனால்தான் நம்பினார்களோ என்னவோ, ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். என்னை இராஜம்மா அக்கா கைபிடித்து இறக்கினார்.

அத்தை கடைசி. ஆத்தாளுக்கு ஏற்றிய விளக்கை வெளியே கொண்டு வர வேண்டுமே என்று திரும்பவும் உள்ளே போனார். தூண் விழுந்த சத்தம் பெரிதாகக்கூட இல்லை. மூட்டை சரிந்த மாதிரிதான் கேட்டது. அதற்குப் பிறகுதான் தரைப் பலகைகள் விழுந்தன. நீங்கள் அந்தப் படியில் ஓடி ஏறினீர்கள், கூரைத் தகரம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

இனி எழுதுவதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று அத்தை ஆஸ்பத்திரியில் சொன்னார். பலகையை விலக்கி நீங்கள் கையை நீட்டியபோது, "வேண்டாங்கய்யா, நீங்க தொடாதீங்க, எங்க ஆளுங்க வந்து தூக்கட்டும்" என்றாராம். என்னிடம் சொல்லும்போதும் அவர் அதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. உங்கள் மரியாதைக்குக் குறைவு வரக் கூடாது என்றுதான் நினைத்தாராம். எனக்குத் தாங்கவில்லை அண்ணை. கால் முறிந்து மண்ணில் கிடக்கிற மனுஷி முதலில் நினைத்தது அதை. கலியாணத்தின்போது இவர்களைத் தொட்டால் தீட்டு என்று நம் வீட்டில் பேசியது அவர் காதுக்கு எப்படிப் போனது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீட்டைக் கறையான் தின்றதற்குக்கூட நான் இவ்வளவு அழவில்லை.

நீங்கள் அதற்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன். அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார் என்றார்.

இவர் வந்துவிட்டார். இடிந்த வீட்டைப் பார்த்துவிட்டு, "ஒங்கண்ணனைப் பாக்கணும்" என்று மட்டும் சொன்னார். உங்களுக்கு விருப்பமா என்று எழுதுங்கள்.

புனிதம்


கிள்ளான்
9-8-1935

அன்புள்ள புனிதத்துக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. நேற்றுத் துரையிடம் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு கோலாலம்பூருக்கு வந்தேன். உன்னிடம் வரவில்லை, கோபிக்காதே. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று தோன்றியது.

ரெயில் சுணங்கிப் பார்வை நேரம் முடிந்துவிட்டது. வார்டு வாசலில் மருந்து கட்டுகிற டிரெஸர் மறித்தார், யாழ்ப்பாணத்து ஆள். என் கோட்டைப் பார்த்தார், உள்ளே வரிசைக் கட்டில்களைப் பார்த்தார். "இந்த நேரத்தில சொந்தக்காரரைத்தான் விடுவம். நீங்கள் ஆரைப் பார்க்க வந்தனீங்கள்?" என்று கேட்டார். வள்ளியம்மா என்றேன். "அந்த ரெயில்வே லைன் மனுசியோ? அவவுக்கு நீங்கள் என்ன முறை?" என்றார். அந்தக் கேள்வியை அவர் எந்தக் குரலில் கேட்டார் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் குரல் நம் வீட்டில் வளர்ந்தது.

"சொந்தம்" என்றேன். அவர் நம்பாமல் நின்றார். "என்ர தங்கச்சியின்ர மாமியார். வழியை விடுங்கோ" என்றேன். விட்டார்.

அவ என்னைக் கண்டதும் கட்டுப் போட்ட காலோடு எழுந்து உட்காரப் பார்த்தா. நான் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறகு, விளக்கு என்ன ஆச்சு என்று கேட்டா. நசுங்கிவிட்டது, வேறு வாங்கலாம் என்றேன். ராத்திரி மணி அடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

ரெங்கசாமியை வரச் சொல். என் வீட்டு முன்னறையை ஒழித்துவிட்டேன். பிள்ளை பிறந்து, அவவுக்குக் கால் கூடும்வரை எல்லோரும் இங்கேதான் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். ஆஸ்பத்திரிக் கஞ்சி இறங்கவில்லை என்கிறா. அவவுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று உடனே எழுது.

அண்ணை